வரப்புக்கு இந்தப் பக்கம் வெள்ளைப் பொடி

அந்தப் பொட்டலத்தை நான் ஃபிரிட்ஜில் வைத்ததும் என் கணவர் முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாது இது? முகத்துக்குப் பூசுற பவுடரைத் தோசை மாவு பக்கத்துல வெச்சிகீறே?"

"பவுடர் இல்ல, நெல்லுக்குப் போடுறது. உள்ள உயிர் கீது. வெயில் படக் கூடாதாம்."

"உயிர் கீதா? அப்போ சைவமா அசைவமா? புரட்டாசி வருது, முன்னாடியே சொல்லிடு."

நிழலில் வைத்தால் போதும் என்றுதான் வேளாண்மை டிப்போவில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஃபிரிட்ஜ் என்னுடைய அதிகப்பிரசங்கித்தனம். மண்ணில் வாழும் ஒரு நல்ல பாக்டீரியாவை டால்க் மாவில் கலந்து பொட்டலம் கட்டியிருக்கிறார்கள், பெயர் சூடோமோனாஸ். ஊர் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை. கடைசி வரைக்கும் அது வெள்ளைப் பொடிதான்.

தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள் அவை. நான் ஊரப்பாக்கத்தில் ரயில் சத்தத்தில் வளர்ந்தவள். கல்யாணமாகி மதுராந்தகம் ஏரிப் பாசனத்துக் கிராமம் ஒன்றுக்கு வந்தேன். கணவருக்குக் கடற்கரைப் பக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. விடிவதற்குள் பஸ் பிடித்துப் போனால் பொழுது சாயத்தான் வருவார். பாகம் பிரித்ததில் எங்களுக்கு வந்த நிலத்தை வேறு யார் பார்ப்பது? நான்தான் பார்த்தேன். நெல்லும் களையும் முளைக்கும்போது ஒரே மாதிரி இருக்கும் என்பதுகூடத் தெரியாமல் வந்தவள், கொஞ்ச காலத்தில் நடவாட்களிடம் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். சண்டை போடுவது எனக்கு முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

இந்தப் பொடிக்கு நான் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு முறை எனக்குக் கரு தங்கவில்லை. முதல் முறை ஊர் ஆறுதல் சொன்னது. இரண்டாம் முறை ஊர் காரணம் சொன்னது. நான் தாண்டக் கூடாத எதையோ தாண்டினேன், அமாவாசையில் தலையில் எண்ணெய் வைத்தேன், மாமியார் வழி சாபம், இப்படி ஆளுக்கொன்று. செங்கல்பட்டில் நான் போன டாக்டரம்மா மட்டும் வேறு கேள்வி கேட்டார். வீடு வயலுக்கு எவ்வளவு பக்கம், மருந்தடிக்கிறபோது நான் எங்கே இருப்பேன், மருந்தைக் கலக்குவது யார். நான்தான் கலக்குவேன். ஞாயிற்றுக்கிழமை என் கணவர் அடிப்பார், நான் வாளியில் பாட்டிலைக் கவிழ்த்து வேப்பங்குச்சியால் கலக்கி டேங்கில் ஊற்றுவேன். கையில் ஒரு உறைகூடக் கிடையாது.

"இதனாலதான்னு நான் சொல்ல மாட்டேன்மா. யாராலயும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனா இனிமே அந்த வாசனை இருக்கிற பக்கம் நீ போகாதே."

பஸ்ஸில் வீடு திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி என் நிலத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கக் கூடாது. பயிர் போனாலும் சரி. என் கணவர் மறுத்துப் பேசவில்லை. பேசியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். அந்த ஆவணியில் மூன்றாவது தடவையாக நாள் தள்ளியது. அவரைத் தவிர ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த நாளே டிப்போவுக்குப் போய்ப் பாட்டில் இல்லாமல் நெல் விளைய என்ன வழி என்று கேட்டேன். அங்கே பணிக்குப் புதிதாக வந்திருந்த வேளாண்மை அதிகாரி, என்னைவிடச் சின்னப் பெண், அலமாரியிலிருந்து அந்தப் பொட்டலங்களை எடுத்துக் கொடுத்தாள். பயிருக்கு வரும் நோய்க்காகத்தான் எல்லாரும் இதை வாங்குகிறார்கள், புழுவையும் இது மட்டுப்படுத்துவதாகச் சொல்கிறார்கள், போட்டுப் பாருங்கள் அக்கா என்றாள். எனக்கு அந்தப் 'பாருங்கள்' போதுமானதாக இருந்தது.

என் நிலத்தில் பாட்டிலைத் திறக்காமல் இருக்க என்னால் முடியும். பக்கத்து நிலத்துக்கு யார் பொறுப்பு?

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே எங்கள் நிலம். அதற்கும் கிழக்கே ஒற்றை வரப்புக்கு அந்தப் பக்கம் என் ஓரகத்தியின், அதாவது என் கணவரின் அண்ணன் மனைவியின் நிலம். ஐப்பசி, கார்த்திகையில் காற்று கடல் பக்கமிருந்துதான் வரும். அவள் வீட்டுக்காரர், என் மச்சாண்டார், அங்கே மருந்தடித்தால் அந்த நெடி எங்கள் நிலத்தைத் தாண்டி நேராக என் சமையலறைக்குள் வந்து உட்காரும். போய்ச் சொல்லலாம் என்றால், ஓரகத்தியும் நானும் பேசிக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்ற தகராறு. அவள் ஒன்று சொன்னாள், நான் மூன்று சொன்னேன். இப்போது கேட்டாலும் அந்த மூன்றையும் சொல்வேன்.

பேச்சு இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. ஜாடை இருந்தது. எங்கள் பக்கம் பேசாமல் இருக்கிற பெண்கள் ஆட்டிடமும் கோழியிடமும் பேசுவார்கள். அவள் தன் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்வாள். "ஏ மூதேவி, நாளைக்கு மருந்தடிக்கப் போறாங்க, துணிமணி எல்லாம் எடுத்து உள்ள வெச்சிக்கோ." ஆட்டுக்கு ஏது துணிமணி? நான் கொடியிலிருந்து புடவையை எடுத்து உள்ளே வைப்பேன்.

விதையைப் பொடி கலந்த தண்ணீரில் ஊற வைத்தோம். நடவன்று வயல் மூலையில் சின்னப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி, அதில் பொடியைக் கரைத்து, முடி முடியாகக் கட்டிய நாற்றின் வேரை அதில் நனைய வைத்தோம். நடவுப் பெண்களுக்கு இதைவிட நல்ல வேடிக்கை அந்த வருஷம் கிடைக்கவில்லை.

"பொண்ணுக்குப் பவுடர் போட்டு அனுப்புற மாதிரி நாத்துக்குப் போடுறாங்கடி!"

ஒருத்தி ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டு, இன்னாம்மே கலராயிட்டேனா என்று எல்லாரிடமும் காட்டினாள். நான் வழக்கமாக அவர்களோடு வயலில் இறங்குகிறவள். அன்றைக்குக் கரையிலேயே நின்றேன். ஒரு முடியைக்கூடக் குனிந்து எடுக்கவில்லை. முதுகு வலி என்று சொல்லிவைத்தேன். வரப்புக்கு அந்தப் பக்கம் ஓரகத்தி தன் நடவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பக்கமும் பார்த்தாள். பொடியைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மழை நன்றாகப் பிடித்தது. ஏரி நிறைந்தது. தூர் கட்டிப் பயிர் பச்சையாக நின்ற நேரத்தில் மஞ்சள் அந்துப்பூச்சிகள் வந்தன. வயலுக்குள் நடந்தால் காலடியிலிருந்து எழும்பி அடுத்த நெற்குத்தில் போய் உட்காரும். பின்னாலேயே இலைச் சுருட்டுப் புழு. இலையின் இரண்டு ஓரங்களையும் நூலால் தைத்துக் குழலாக்கி, உள்ளே உட்கார்ந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் வயலில் யாரோ சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கீறல் தெரியும்.

என் வயிற்றில் அப்போது நான்காம் மாதம். இதற்கு முந்தைய இரண்டும் இந்தக் கட்டத்தைத் தாண்டவில்லை. காலையில் எழுந்ததும் முதலில் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்துக்கொள்வேன். அடுத்து வயலைப் போய்ப் பார்ப்பேன். இரண்டு இடத்திலும் ஒரே பயம்தான்.

வரப்பில் உட்கார்ந்து சுருண்ட இலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. ஓரகத்தி வயல் இலையை எட்டிப் பறித்துப் பிரித்தால் உள்ளே பச்சையாகக் கொழுத்த புழு துள்ளிக் கீழே விழும். என் வயலிலும் புழு இருந்தது, இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் சோனியாக இருந்தது. அதே நாளில் வந்த அந்து, அதே மழை, இங்கே மட்டும் புழு வளரவில்லை. சில இலைகளில் கொஞ்சம் சுரண்டிவிட்டு அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய கணவரைச் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உன் சமையல் மாதிரி கீது, புழு பாதியிலயே எழுந்து போயிருக்குது" என்றார்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் பார்த்தால் என் வயல் இலைகளில் அங்கங்கே வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நொய்யரிசியைப் பஞ்சில் உருட்டி ஒட்டி வைத்த மாதிரி. ஓரகத்தி வயலில் தேடினேன், ஒன்றைக்கூடக் காணோம். என் வயலில் மட்டும், அதுவும் அங்கும் இங்குமாக நிறைய இருந்தது. முட்டை என்று நினைத்தேன். இவ்வளவும் பொரித்தால் கதிர் வருகிற நேரத்தில் வயலில் இலையே இருக்காது. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். பொடியை நம்பி வாய்ச்சவடால் பேசியாயிற்று. பாட்டிலைத் திறந்தால் வயிற்றில் இருப்பதற்குப் பயம். திறக்காவிட்டால் வருஷத்துச் சாப்பாடு வயலோடு போய்விடும்.

"நாளைக்கு லீவு போடுறேன். நான் அடிக்கிறேன், நீ உங்க அம்மா வூட்டுக்குப் போயிடு" என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

காலையில் நான் எழுந்து வெளியே வந்தபோது என் வயலுக்குள் ஓரகத்தி இருந்தாள். முழங்கால் வரை சேறு, இடுப்பில் பிளாஸ்டிக் குடம். என் பயிரிலிருந்து இலையாகக் கிள்ளிக் கிள்ளிக் குடத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்குத் தொண்டைக்கு வந்துவிட்டது.

"யாரைக் கேட்டு என் கயனியில கால் வெச்சே? மோட்டார் பத்தல, இப்ப பயிரும் ஓணுமா?"

அவள் நிமிர்ந்தாள். ஆட்டைத் தேடுகிற மாதிரி ஒரு தரம் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஆடு இல்லை. வேறு வழியில்லாமல் என்னிடமே பேசினாள்.

"கத்தாதே. வவுத்துல வெச்சிகினு இப்படிக் கத்தலாமா? முட்டை வெச்சிருக்குது, நேத்து நீ ஒக்காந்து அழுததைப் பாத்தேன். மருந்தடிக்கக் கூடாதுன்னு கீறே, குனிஞ்சி பொறுக்கவும் கூடாது. அப்ப யாரு பொறுக்குறது?"

"உனக்கு யாரு சொன்னது?"

"நடவுல ஒரு முடியைக் குனிஞ்சி எடுத்தியா நீ? சும்மா நிக்கிற ஆளா நீ? அன்னைக்கே தெரியும்."

உள்ளே போய் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தேன். வரப்பின் மேல் உட்கார்ந்து குடித்தோம். லீவு போட்டிருந்த என் கணவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் டேங்கை எடுக்கவில்லை.

பொறுக்கிய இலைகளை நெருப்பில் போட்டுவிடுவதாக ஓரகத்தி சொன்னாள். அன்று மதியமே மழை கொட்டியதில் விறகெல்லாம் நனைந்துபோனது. முட்டை பொரித்து வெளியே வந்துவிடக் கூடாதே என்று குடத்தின் வாயைப் பழைய மெல்லிய புடவைத் துணியால் இறுக்கிக் கட்டி மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறாள். மழை விடாததால் அது அங்கேயே கிடந்தது. சில நாள் கழித்து ஒரு காலையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள்.

"இங்க வந்து பாரு. முட்டைக்குள்ளயிருந்து புழு வரல. வேற இன்னாவோ வந்துகினு கீது."

துணிக்கு உட்புறம் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஊர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். கொசுவைவிடச் சின்னதாக, இடுப்பு ஒடுங்கி, சிறகு வைத்த குளவிகள். அத்தனையும் குளவிகள்தான், ஒரு புழுகூட இல்லை.

அன்றைக்கே இரண்டு பேரும் குடத்தோடு பஸ் ஏறி டிப்போவுக்குப் போனோம். கண்டக்டர் குடத்துக்கு டிக்கெட் கேட்டார், உள்ளே என்ன என்று ஓரகத்தி சொன்னதும் கேட்காமல் போய்விட்டார். அதிகாரிப் பெண் துணியை லேசாக நகர்த்திப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, இது முட்டையே இல்ல, குளவிக் கூடு. இந்தக் குளவி புழு உடம்புக்குள்ளதான் முட்டை வெக்கும். அதோட குஞ்சுங்க உள்ளயிருந்து புழுவைத் தின்னுட்டு வெளிய வந்து கட்டுற கூடு இது. உங்க வயலைக் காவல் காத்ததைப் பொறுக்கிட்டு வந்திருக்கீங்க."

ஓரகத்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வர இரண்டு பேரும் சிரித்தோம். நான் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

என் வயலில் மட்டும் ஏன் என்று கேட்டேன். அதிகாரிப் பெண் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். பொடியில் இருக்கிற பாக்டீரியா வேரைச் சுற்றிக் குடியேறுகிறது. அதனால் பயிர் முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது, தன் இலைக்குள் புழுவுக்கு ஒத்துக்கொள்ளாத சரக்குகளைச் சேர்க்கிறது. அந்த இலையைத் தின்கிற புழு வளராது, இளைத்தே இருக்கும். அப்படிப்பட்ட பயிரில் குளவியும் கூடுதலாக வருவதைப் பார்த்திருக்கிறார்களாம், எதனால் என்று தனக்கு முழுசாகத் தெரியாது என்றாள். நீங்கள் பாட்டில் மருந்து அடித்திருந்தால் முதலில் சாவது இந்தக் குளவிதான் என்றும் சொன்னாள்.

மண்ணுக்கடியில், கண்ணுக்கே தெரியாத ஒன்று, வேரைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தபடியே இலை நுனியில் இருக்கிற புழுவை வாட்டுகிறது என்பதை நான் அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என் உடம்பிலும் எனக்குத் தெரியாமல் ஏதாவது ஒன்று என் பக்கம் நின்று வேலை பார்க்காதா என்று தோன்றியது.

திரும்பி வந்து குடத்தை வரப்பில் வைத்துத் துணியை அவிழ்த்தோம். பாதி தன் பக்கம் போகட்டும் என்று ஓரகத்தி முந்தானையால் விசிறி விசிறி விரட்டினாள். ஒன்றாவது போயிற்றோ என்னவோ.

ஆனால் அவள் நிலத்தில் குளவிக்கு நேரமில்லை. அங்கே புழு கொழுத்துப் பெருகியிருந்தது. அந்த வார முடிவில் மச்சாண்டார் முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு, கையில் புதுப் பாட்டிலோடு வரப்புக்கு வந்தார். கிழக்கிலிருந்து காற்று. நான் ஜன்னலைச் சாத்த ஓடினேன். சாத்துவதற்குள் ஓரகத்தி போய் அவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"அதை இறக்கி வை."

"இன்னாடி?"

"காத்து அவ வூட்டுக்குள்ள போவுது. வவுத்துல புள்ளையோட கீறா."

"அதுக்கு நான் இன்னா பண்றது? பயிரைப் பாத்தியா நீ? மொத்தமா வழிச்சிகினு கீது."

"வழிச்சா வழிக்கட்டும். நெல்லு அடுத்த போகம் வரும். அது போச்சுன்னா நீ எந்த ஏரித் தண்ணியை வுட்டு வளப்பே?"

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மச்சாண்டார் கெட்ட மனுஷர் இல்லை. வீட்டுச் சாப்பாடும் மாட்டுக்கு வைக்கோலும் அந்த நிலத்திலிருந்துதான் அவருக்கு வரவேண்டும். சம்பளக்காரத் தம்பி வீடு இல்லை அவருடையது. பயிரைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார். டேங்கை இறக்கி வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"அந்தப் பொடி மீதி கீதான்னு கேளு" என்றார் அப்புறம், ஓரகத்தியிடம்.

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நான் ஃபிரிட்ஜைத் திறந்து பொட்டலத்தோடு வெளியே வந்தேன். விஷம் இருந்த டேங்கில் இதை ஊற்றினால் இதுவும் செத்துவிடும் என்று சொன்னேன். ஓரகத்தி கிணற்றடியில் டேங்கைப் போட்டு, பொங்கல் பானையைத் தேய்க்கிற மாதிரித் தேய்த்தாள். முற்றிய நேரத்தில் இலையில் அடித்த பொடி எவ்வளவு உதவியது என்று என்னால் சொல்ல முடியாது. கொஞ்சம் உதவியிருக்கலாம். நடவில் வேரை நனைத்தது போல வராது.

தை அறுப்பில் என் நிலம் எப்போதும் போல விளைந்தது. அவர்கள் நிலத்தில் விளைச்சல் நன்றாகவே குறைந்தது. களத்தில் எங்கள் குவியலும் அவர்கள் குவியலும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தபோது எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே கூச்சமாக இருந்தது. எங்கள் குவியலிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மச்சாண்டார், ஆவணிக்குள் பொட்டலம் வாங்கி வைத்துவிடு, அது போதும் என்று சொல்லிவிட்டார். அடுத்த போகத்தில் அவர்கள் நாற்றும் பவுடர் பூசிக்கொண்டுதான் வயலில் இறங்கியது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் வரப்புக்கு எந்தப் பக்கமும் நாங்கள் அந்தப் பாட்டிலைத் திறந்ததில்லை.

சித்திரை பிறந்த சமயம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். மறுநாள் ஓரகத்தி பஸ் பிடித்து, தூக்குச் சட்டியில் ரசம் சாதம் கொண்டுவந்தாள். என்னை அவள் விசாரிக்கவே இல்லை. நேராகத் துணிச்சுருளை இரண்டு கையாலும் தூக்கி, ஓரத்தை விரலால் மெல்லப் பிரித்து, உள்ளே கொழுகொழுவென்று நெளிந்த முகத்தைப் பார்த்தாள். பார்க்கிறபோதே அவள் கண் கலங்கிவிட்டது. குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"எங்க நெல்லைத் தின்ன புழு நீதானாடி?"

சிரித்ததில் எனக்குத் தையல் வலித்தது.